பாதியில் நிறுத்திய மாத்திரைகள்

"சின்ன வயசுல உங்களுக்கு டி.பி. ஏதும் வந்திருக்கா? வீட்ல யாருக்காவது?" என்று டாக்டர் கேட்டார்.

என் கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். மில்லில் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்ததால் அவருடைய காதோரத்து முடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, "இல்லை டாக்டர்" என்றேன். யோசிக்கவே இல்லை. பெயரைக் கேட்டால் பெயரைச் சொல்வதுபோல வாயில் வந்துவிட்டது. டாக்டர் ஃபைலில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். என் உள்ளங்கை மட்டும் ஈரமாகிவிட்டது. சேலையில் துடைத்துக்கொண்டேன்.

ராஜபாளையத்தில் இருக்கும் ஒரு குழந்தையின்மைச் சிகிச்சை மையம் அது. கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் போனோம். எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன், இப்போதும் இருக்கிறேன். மாதவிலக்கு தேதி தவறாமல் வந்துவிடும். ஆனால் வருடத்துக்கு வருடம் குறைந்து, ஒரே நாளில் நின்றுவிடும். பஸ்ஸில் போய் வருகிறவளுக்கு அது வசதிதானே என்று நினைத்திருந்தேன். அது ஒரு அடையாளம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை.

சாயம் விட்டு எடுத்த எக்ஸ்ரேயில் கருக்குழாய் இரண்டும் அடைத்திருப்பது தெரிந்தது. அதனால் கருமுட்டையை வெளியே எடுத்து, வெளியிலேயே கருவாக்கி, உள்ளே வைக்க வேண்டும் என்றார் டாக்டர். ஊசிகள் போட்டு, முட்டை எடுத்து, நான்கு கரு கிடைத்தது. இரண்டை வைத்தார்கள். இரண்டை உறைய வைத்தார்கள். பதினான்கு நாள் கழித்து ரத்தம் எடுத்தபோது ஒன்றுமில்லை.

"கரு ரெண்டும் முதல் தரமான கரு" என்றார் டாக்டர். "கர்ப்பப்பைதான் ஏத்துக்கல. உள்சுவர் ஆறு மில்லிமீட்டருக்கு மேல வளரவே இல்லை. ஏன்னு பாக்காம மறுபடி வைக்கிறது சரியில்லை."

கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கண்விழித்துப் படுத்திருந்தபோது டாக்டரே வந்து சொன்னார். உள்சுவர் வெளுத்துப்போயிருக்கிறது, அங்கங்கே முன்சுவரும் பின்சுவரும் ஒட்டிப் பாலம் போலக் கிடக்கிறது, கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறேன் என்றார். பிறகு கட்டிலுக்கு அருகே குனிந்து அதே கேள்வியை மறுபடி கேட்டார்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. டி.பி.?"

என் கணவர் கால்மாட்டில் என் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "இல்லை" என்று இரண்டாம் தடவையும் சொன்னேன்.

எனக்குப் பன்னிரண்டு வயதில் கழுத்தில் கட்டி வந்தது. இடது தாடைக்குக் கீழே, முதலில் நெல்லிக்காய் அளவு. பிறகு பழுத்து உடைந்தது. எங்கள் ஊர் மம்சாபுரம். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்று அம்மா என்னை ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். வாரத்துக்கு மூன்று நாள் பஸ் ஏறிப் போய், அங்கே இருந்தவர் கண்ணெதிரே மாத்திரையை விழுங்க வேண்டும். யார் கேட்டாலும் பல் வைத்தியம் என்று சொல்லச் சொல்லியிருந்தாள். மூன்று மாதத்தில் கட்டி வற்றியது. அம்மா போவதை நிறுத்திவிட்டாள். "வத்திருச்சு, போதும்ட்டி" என்றாள். அதோடு சரி. கல்யாணம் பேசியபோது என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தக் கழுத்துக் கட்டியப் பத்தி மூச்சு விடாத" என்று சொன்னாள். கல்யாணமான புதிதில் என் கணவர் அந்தத் தழும்பைத் தொட்டு என்ன என்று கேட்டபோது, "சின்னதுல கட்டி வந்துச்சு" என்றேன். அதில் பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு வர ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் எனக்கு ஒரே ஒரு மனு ஞாபகத்தில் இருந்தது. மூன்று வருடம் முன்பு நான் டைப் செய்த மனு. ஒரு கணவன் மனைவி மேல் போட்டது. பெண்ணுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. பெண் வீட்டார் சொல்லாமல் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். 'எதிர்மனுதாரர் தனக்கிருந்த நோயைத் திட்டமிட்டு மறைத்து, மனுதாரரை ஏமாற்றி' என்று வக்கீல் சார் சொல்லச் சொல்ல அடித்தேன். ஒரு பிழைகூட இல்லை என்று பாராட்டினார். வாய்தா அன்று அந்தப் பெண் கோர்ட் வராண்டாவில் அவளுடைய அப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து மத்தியானம் வரை தலையை நிமிர்த்தவில்லை. நான் டீ வாங்கப் போகும்போதும் வரும்போதும் அவளைத் தாண்டித்தான் போனேன். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

முடிவு வந்தது. கர்ப்பப்பைக் காசநோய்.

"பயப்படாதீங்க, இது நுரையீரல்ல இல்ல. இருமினாப் பரவுற வகை இல்ல" என்றார் டாக்டர். "எங்கேயோ இருந்த கிருமி ரத்தத்தோட போய் அங்க தங்கியிருக்கு. குழாய அடைச்சு, உள்சுவர அரிச்சிருக்கு. ஆறு மாசம் மாத்திரை. அதுக்கப்புறம்தான் அந்த ரெண்டு கருவப் பத்தி யோசிக்கணும்."

"எங்கிருந்து வந்திருக்கும் டாக்டர்?" என்று என் கணவர் கேட்டார்.

"எங்கிருந்தும் வரலாம். பஸ்ல, மில்லுல. எப்பவோ வந்து, தெரியாமலே இருந்திருக்கும்."

என் கணவரின் முகம் மாறியது. மில் பஞ்சுத் தூசியிலிருந்து தான்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார். வண்டியை எடுக்கும்போது, "என்னாலதான் போல" என்றார். நான் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். அதற்குக் காரணம் இருந்தது. என் அத்தை, அவருடைய அம்மா, இட்லி மாவு அரைத்து விற்கிறவர். காலையும் சாயங்காலமும் தெருப் பெண்கள் தூக்குச் சட்டியோடு வாசலில் நிற்பார்கள். இந்த வீட்டில் டி.பி. என்று ஒருத்தி காதில் விழுந்தால் போதும். மறுநாள் ஒரு சட்டியும் வராது.

மாத்திரையை அரிசி டப்பாவுக்குள் ஒளித்துவைத்து, விடிந்ததும் வெறும் வயிற்றில் விழுங்கினேன். முதல் நாளே சிறுநீர் செம்பருத்திப் பூவைக் கரைத்துவிட்டது போலச் சிவந்து போனது. அப்படித்தான் போகும் என்று சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு வயதிலும் அப்படித்தான் போயிற்று. ஒவ்வொரு முறையும் நாலைந்து வாளித் தண்ணீர் ஊற்றினேன். "என்னத்துக்கும்மா இம்புட்டுத் தண்ணிய ஊத்துற?" என்று அத்தை ஒருநாள் வெளியே நின்று கேட்டார்.

இரண்டாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலையில், அரசாங்கக் காசநோய்ப் பிரிவிலிருந்து ஒரு அம்மா வந்தார். முகவரியைச் சரிபார்க்க ஒரு தடவை வருவேன் என்று ஃபோனில் சொல்லியிருந்தார். நான் எவ்வளவோ கெஞ்சியும், "வந்துதாம்மா ஆகணும்" என்றார். வாசலில் ஐந்தாறு பேர் சட்டியோடு நின்றிருந்தார்கள். அந்த அம்மா ஸ்கூட்டியைத் தெரு முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைச் சேலைக்குள் செருகியிருந்தார்.

"யாரும்மா?" என்றார் அத்தை.

"உங்க மருமகளோட டைப்பிங் படிச்சவ ஆச்சி. இந்தப் பக்கம் வந்தேன், செத்த நேரம் பாத்துட்டுப் போவோம்னு."

என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அத்தை நம்பினாரா தெரியவில்லை. நான் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனேன். அவர் உட்கார்ந்து பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"இந்த மாதிரி எத்தன வீட்டுக்குத் தோழியாப் போயிருக்கேன் தெரியுமா" என்று சிரித்தார். எடை, வயது, சர்க்கரை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். பிறகு, "இதுக்கு முன்னாடி டி.பி. மாத்திரை தின்னிருக்கீங்களா?" என்றார்.

நான் வாசல் பக்கம் பார்த்தேன். அவர் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கேன்னா, பாதியில நிறுத்துனவுகளுக்குக் கிருமி முறுக்கிக்கிட்டு நிக்கும். இந்த மாத்திரைக்கு அசையாது. தெரியாம ஆறு மாசம் தின்னுட்டு, சரியாப்போச்சுன்னு நெனச்சுக் கருவையும் வச்சுட்டா, அம்புட்டும் வீணாப் போகும். அதுக்குத் தனியா டெஸ்ட் இருக்கு. சொன்னாத்தானே எடுக்க முடியும்?"

வாசலில் அத்தை யாரிடமோ உளுந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. நான் குரலே இல்லாமல், "பன்னெண்டு வயசுல. மூணு மாசம்" என்றேன். இருபது வருடத்தில் அதை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"வீட்டுக்காரருக்கு?"

அதற்கும் இல்லை என்றேன்.

"டாக்டர்கிட்ட நாளைக்கே சொல்லிருங்க. வீட்டுக்காரர்கிட்ட எப்பச் சொல்றதுன்னு நீங்க பாத்துக்கங்க. ஆனா அவுக ஆஸ்பத்திரிக்குக் கூட வாரவரு. டாக்டர் வாயால தெரியுறதுக்கு முன்னால உங்க வாயால தெரியட்டும்."

மறுநாள் என் கணவர் ஷிஃப்ட் முடிந்து என்னைக் கூப்பிட ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. வண்டியில் பின்னால் உட்கார்ந்தே சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஊர் எல்லை தாண்டியதும் ஆரம்பித்தேன். எதிர்க்காற்று, லாரிச் சத்தம், அவர் தலையில் ஹெல்மெட். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர், "என்னது? ஒண்ணும் கேக்கல" என்றார்.

மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. இந்தத் தடவை அவர் தோளுக்கு மேலாகக் குனிந்து, கிட்டத்தட்டக் கத்தினேன். "எனக்கு முன்னாடியே டி.பி. வந்திருக்கு! டாக்டர்கிட்ட பொய் சொல்லிட்டேன்!"

மொட்டமலைப் பக்கம் ரோட்டோரமாக வண்டியை நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. இறங்கி நின்று, "எப்ப?" என்றார். சொன்னேன். "மாத்திரய ஏன் நிறுத்துனாங்க?" சொன்னேன். கழுத்துத் தழும்பைப் பார்த்தார், உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் அந்த மனுவில் இருந்த வார்த்தைகள் எல்லாம் வரும் என்று காத்திருந்தேன். ஏமாத்திட்ட, மறச்சுட்ட, உங்க வீட்ல எல்லாரும் சேந்து. அவர் அதில் எதையும் சொல்லவில்லை.

"டாக்டர் மொத நாளே கேட்டாங்க. நா பக்கத்துலதான் இருந்தேன்" என்றார். "அன்னைக்கு நீ சொல்லிருந்தா மொதல்ல மாத்திரதான் குடுத்துருப்பாங்க. அந்த ரெண்டு கருவ வச்சிருக்க மாட்டாங்க. ரெண்டு நல்ல கரு. கொண்டுபோய்ப் போட்டுட்டோம்."

எனக்கு அதுவரை அப்படித் தோன்றவே இல்லை. என்னைப் பற்றி மட்டுமே பயந்துகொண்டிருந்தேன். ரோட்டில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. அவர் வண்டியை எடுத்தார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன்.

டாக்டரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் நாள் ஃபைலில் போட்ட கோட்டைத் தேடி எடுத்துப் பார்த்தார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. மறுபடி சதை எடுத்து மதுரைக்கு அனுப்ப வேண்டும், கிருமியை வளர்த்து எந்த மருந்துக்கு அடங்குகிறது என்று பார்க்க வேண்டும், முடிவு வர ஆறு வாரம் ஆகலாம் என்றார். அதுவரை இதே மாத்திரை.

அந்த ஆறு வாரமும் என் கணவர் கூடுதல் ஷிஃப்ட் கேட்டு வாங்கிப் போனார். வீட்டில் இருக்கும்போது தண்ணீர் வேண்டும், சோறு போடு என்பதற்கு மேல் பேச்சில்லை. ஒருநாள் கோர்ட்டிலிருந்து நான் வரும்போது கிரைண்டர் ஓடவில்லை. அத்தை அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். என் கணவர் சொல்லிவிட்டார் என்று வாசலில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

"இது மாவுல ஒட்டுமா?" என்றார் அத்தை.

"ஒட்டாது அத்தை. கர்ப்பப்பையில மட்டுந்தான் இருக்கு. டாக்டர் சொல்லிட்டாங்க."

"டாக்டரு சொல்லுவாக. தெருவுல இருக்கவளுகளும் சொல்லணும்ல?" பிறகு கொஞ்சம் தாழ்ந்த குரலில், "கிரைண்டர் பக்கம் வராத தாயி. சட்டியத் தொடாத" என்றார்.

அன்று முதல் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். அத்தை என்னைக் கொடுமைப்படுத்தினார் என்று சொல்ல மாட்டேன். சோறு குறைவாக வைக்கவில்லை. மாத்திரை சாப்பிடுகிற உடம்பு என்று தினம் முட்டை அவித்து வைத்தார். ஆனால் தட்டை நான் கழுவி, நானே எடுத்துப்போய் ஜன்னல் கட்டையில் வைக்க வேண்டும். அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் என்னை எந்த நாளில் மம்சாபுரத்துக்கு அனுப்புவார்கள் என்று நினைப்பேன். பஸ்ஸில் ஃபோன் அடித்தால் பயம். வக்கீல் ஆபீஸில் புது ஃபைல் வந்தால் மனுதாரர் பெயரை முதலில் பார்ப்பேன். எங்கள் வக்கீலிடமே என் கணவர் வரமாட்டார் என்று புத்திக்குத் தெரியும். இருந்தாலும் பார்ப்பேன்.

அம்மாவுக்கு ஃபோன் செய்து, "ஏம்மா பாதியில நிறுத்துன?" என்று கேட்டேன்.

"ஏட்டி, சொல்லாதன்னுதானே சொன்னேன்" என்றாள் எடுத்த எடுப்பில். பிறகு அழுதாள். "வாரத்துல மூணு நா வேலைக்குப் போகலன்னா யாரு என்னயக் கூப்புடுவா? கட்டி வத்திருச்சேன்னு இருந்துட்டேன். வயித்துக்குள்ள போயி ஒக்காரும்னு நா கண்டனா?"

அவளிடம் கோபப்பட வேண்டும் என்றுதான் எடுத்தேன். "சரி, வையி" என்று சொல்லிவிட்டேன்.

மதுரையிலிருந்து முடிவு வந்தது. கிருமி சாதாரண மாத்திரைக்கே அடங்கும். டாக்டர் ஃபோனில் சொன்னபோது நான் கோர்ட் வளாகத்தில், நோட்டரிக்காகக் காத்திருந்த கூட்டத்தின் நடுவே நின்றிருந்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். கேஸ் தோற்றுப்போனவள் என்று நினைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் என் கணவரிடம் சொன்னேன். "ம்" என்றார். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனவர் திரும்பி வந்து, "அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு எப்பப் போகணும்?" என்று கேட்டார். ஆறு வாரத்துக்குப் பிறகு அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் விழுங்கினேன். முடிந்ததும் மறுபடி கேமரா. நோய் போய்விட்டது, ஆனால் அது செய்துவைத்த கெடுதல் அப்படியே இருந்தது. ஒட்டியிருந்த இடங்களை டாக்டர் வெட்டிப் பிரித்தார். மறுபடி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு வாரம் உள்ளே சின்ன பலூன் வைத்தார். அதன் பிறகு உள்சுவர் வளர மாத்திரை, ஸ்கேன். எட்டு மில்லிமீட்டர் இருந்தால் நல்லது, குறைந்தது ஏழு வேண்டும் என்றார். முதல் மாதம் ஐந்தரை. அடுத்த மாதம் ஆறு. இரண்டு முறையும் வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். ஸ்கேன் அறையில் அந்த ஜில்லென்ற ஜெல்லைத் தடவியதும் நான் கண்ணை மூடிக்கொள்வேன். ஸ்கேன் செய்கிற பெண் எண்ணைச் சொல்லும் வரை மூச்சு விடமாட்டேன்.

மூன்றாவது மாதம் ஆறு புள்ளி எட்டு.

"இதுக்கு மேல வளரும்னு எனக்குத் தோணல" என்றார் டாக்டர். "வைக்கலாம். பிடிக்கிறதுக்கு வாய்ப்புக் குறைவு. பிடிச்சாலும் இந்த மாதிரிக் கர்ப்பப்பையில நஞ்சுக்கொடி சுவரோட வேர் விட்டு ஒட்டிக்கிடலாம். அது உயிருக்கே ஆபத்தாகலாம். வேண்டாம்னு சொன்னாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

என் கணவர் என்னைப் பார்த்தார். அவர் ஏதாவது சொல்லுவார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"வைங்க டாக்டர்" என்றேன். அதைத் தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த இரண்டு கரு அங்கே காத்துக் கிடப்பதை என்னால் தாங்க முடியவில்லை. ஏற்கெனவே இரண்டைப் போட்டுவிட்டவள் நான்.

உறைநிலையிலிருந்து எடுத்தபோது ஒன்று பிழைக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்றை வைத்தார்கள்.

பிடித்துக்கொண்டது.

அதற்குப் பிறகு சந்தோஷமாக இருந்தேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கு அந்த மாதங்களில் பயத்தைத் தவிர ஒன்றும் ஞாபகம் இல்லை. ஒன்பதாவது வாரத்தில் ஆபீஸ் பாத்ரூமில் ரத்தம் பட்டது. வக்கீல் சார் தன் காரிலேயே ராஜபாளையத்துக்கு அனுப்பினார். பின்சீட்டில் கால்களை இறுக்கிக்கொண்டு, டிரைவரிடம், "அண்ணே, மெதுவாப் போங்க" என்றும், மறுநிமிடம் "சீக்கிரம் போங்க" என்றும் மாறி மாறிச் சொன்னேன். துடிப்பு இருந்தது. படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். தட்டும் டம்ளரும் மாத்திரை முடிந்த அன்றைக்கே மற்ற பாத்திரங்களோடு சேர்ந்திருந்தன. அத்தை ஒரு வார்த்தையும் சொல்லாமல் சேர்த்திருந்தார். இப்போது எனக்குச் சோற்றைப் படுக்கைக்கே கொண்டுவந்தார்.

ஏழாவது மாத ஸ்கேனில் டாக்டர் சொன்னது நடந்திருந்தது. நஞ்சுக்கொடி சுவரில் வேர்விட்டிருந்தது. இங்கே பார்க்க முடியாது என்று மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். எட்டாவது மாதக் கடைசியில் அறுத்து எடுப்பதாக முடிவானது. ரத்தம் நிற்காவிட்டால் கர்ப்பப்பையையும் எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். தாள்களில் கையெழுத்து வாங்குவது என் தொழில். எங்கே போட வேண்டும் என்று பார்க்காமலே போடுகிறவர்களை நிறுத்தி, படிச்சுட்டுப் போடுங்க என்று சொல்லுகிறவள் நான். அன்று என் கண்ணுக்கு ஒரு எழுத்தும் தெரியவில்லை. என் கணவர் விரலை வைத்துக் காட்டிய இடத்தில் போட்டேன்.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது அவர் கூடவே நடந்து வந்தார். கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

"அன்னைக்கு ரோட்டுல நின்னு அந்தக் கருவப் பத்திச் சொன்னேன்ல..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லுங்க."

அவரால் முடிக்க முடியவில்லை. என் கால் விரல்களைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அதற்குள் கதவைத் திறந்துவிட்டார்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. சொன்னது தப்பு என்று சொல்ல வந்தாரா, சொன்னது சரிதான், ஆனாலும் பரவாயில்லை என்று சொல்ல வந்தாரா? அவர் சொன்னது சரிதான் என்று எனக்குத் தெரியும்.

விழித்தபோது வாய் காய்ந்து, உதடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு பை ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் குனிந்து, "பொம்பளப் புள்ளக்கா. ரெண்டேகால் கிலோ. குழந்தைகள் வார்டுல கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்கோம், நல்லா இருக்கா" என்றாள். "கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க. நெறைய ரத்தம் போயிருச்சு."

இரண்டையும் ஒரே குரலில் சொன்னாள். நான் முதலாவதைப் பற்றி அழுதேனா இரண்டாவதைப் பற்றியா என்று தெரியாது. அந்தக் கர்ப்பப்பையைப் பன்னிரண்டு வயதிலிருந்து கெடுத்துவைத்தவர்களில் நானும் ஒருத்தி. கடைசியில் அது தன்னால் முடிந்ததைச் செய்துவிட்டுப் போயிருந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வாரமே மாவு வாங்க வந்த எதிர்வீட்டு அக்கா கதவு வழியாக எட்டிப் பார்த்து, "அடுத்து ஆம்பளப் புள்ளயா ஒண்ணு எப்பப் பெக்கப் போற? ரொம்பத் தள்ளிப் போடாத" என்றாள்.

அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்கு முன் நான், "கர்ப்பப்பைய எடுத்தாச்சுக்கா. உள்ள டி.பி. வந்து கெட்டுப்போயிருந்துச்சு" என்றேன்.

அவள் கையிலிருந்த தூக்குச் சட்டியை ஒருமுறை பார்த்தாள். "அப்பிடியா" என்றாள். மாவை வாங்கிக்கொண்டுதான் போனாள். அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் தன் மகளை அனுப்பினாள்.

அன்று எதிர்வீட்டு அக்கா மாவை வாங்கிக்கொண்டு போனதுமே, அத்தை உள்ளே வந்து, "அவகிட்ட எதுக்கு அதச் சொன்ன?" என்றார். அவர் முகத்தில் பயம் இருந்தது. எனக்கும் பயம்தான்.

"கேட்டாங்க அத்தை" என்றேன்.

அத்தை குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு, வெந்நீர் ஆறிவிடப் போகிறது என்று சொல்லியபடி குளிப்பாட்டப் போனார்.